பெரிய வியாழனுக்குத் தேய்த்த கால்

என் பெயர் சவரியம்மாள். மும்பை தாராவிக்கு வாக்கப்பட்டு வந்தவள், இங்கேயே பேரன் பேத்தி எடுத்தவள். எழுதப் படிக்கத் தெரியாது, பேசத் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல ரெஜினா டீச்சர் எழுதுகிறார். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், எங்கள் தெருக்காரர். நான் பேசுகிறபடியே எழுதினால் அச்சுக்கு ஆகாது என்று சீர் பண்ணி எழுதுகிறார். எழுதட்டும். நான் ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறேன். கசப்பாக இருக்கிற இடத்தில் சர்க்கரை போடக் கூடாது. என் உடம்பில் இருக்கிற சர்க்கரையே போதும்.

அந்தச் சர்க்கரையில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பல வருஷமாக எனக்கு உள்ளங்காலில் சூடு, குளிர் தெரியாது. இதற்கு டாக்டர்கள் வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சாரம் இவ்வளவுதான்: சர்க்கரை ரத்தத்தில் கூடுதலாக ஓடி ஓடி, காலுக்குப் போகிற நரம்பைக் கெடுத்துவிடும். நரம்பு கெட்டால் வலி தெரியாது. வலி தெரியாவிட்டால் நல்லதுதானே என்று நானும் இருந்துவிட்டேன். செம்பூரில் ஓர் ஆபீசர் வீட்டில் அப்போது சமையல் வேலை பார்த்தேன். ஒருநாள் அங்கே பஸ் ஏறும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. தாராவியில் இறங்கி, ஒற்றைச் செருப்போடு சந்தெல்லாம் நடந்து வீட்டுக்கு வந்து நின்றேன். வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்றைக்கே அழுதிருக்க வேண்டும்.

சரி, இப்போது எங்கள் அன்பியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர். ஒரு சந்தில் இருக்கிற குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூடி செபிப்பதுதான் அன்பியம். செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் வாய் திறந்து, இந்த வாரம் ஆண்டவர் என் வாழ்வில் செய்த செயல் இன்னது என்று சொல்ல வேண்டும். சிலர் தலையைக் குனிந்துகொண்டு, சுகமாக வைத்தார் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. நான் தேடித் தேடிச் சொல்வேன். குழாயில் தண்ணீர் நிற்கப் போகிற நேரத்தில் என் குடம் நிரம்பியது, அது ஆண்டவர் செயல். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது, அது ஆண்டவர் செயல். மருமகள் ஸ்டெல்லா ஒருநாள் முழுவதும் எதிர்த்துப் பேசவில்லை என்று அவள் எதிரிலேயே சொன்னேன். அவள் தன் முறை வந்ததும், "அத்தைக்கு அன்னைக்கு தொண்டை கட்டியிருந்துச்சு. அதுவும் ஆண்டவர் செயல்தான்" என்றாள். அன்பியம் முழுவதும் குலுங்கிச் சிரித்தது. ஆண்டவரைக் கண்டுபிடிக்கிறதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமையினால்தானோ என்னவோ, போன தவக்காலத்தில் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய வியாழன் அன்று ராத்திரிப் பூசையில், சேசு தம் சீடர்களுக்குச் செய்த மாதிரி, சாமியார் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவித் துடைத்து முத்தம் கொடுப்பார். முன்பெல்லாம் ஆண்களுக்கு மட்டும்தான். பெண்களையும் உட்கார வைக்கலாம் என்று ஆன பிறகு எங்கள் சந்தில் இருந்து போன முதல் பொம்பிளை நான்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் கால் கழுவுகிறதில் ஒரு விஷயம் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். சாமியாரிடம் யாரும் அழுக்குக் காலை நீட்ட மாட்டார்கள். அவர் கழுவுவதற்கு முன்னால் நாம் வீட்டில் கழுவிவிட வேண்டும். என் கால் சாதாரணக் காலா? காலமெல்லாம் ஈரத்தரையில் நின்று பாத்திரம் தேய்த்த கால். குதிகாலில் ஆறு மாதிரி வெடிப்பு, அதற்குள் கறுப்பு. வியாழக்கிழமை காலையில் மோரியில், அதாவது வீட்டுக்குள்ளேயே குளிக்கவும் கழுவவும் இருக்கிற மூலையில், சோடா உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைத்தேன். பிறகு சொரசொரப்பான கல்லை எடுத்து உட்கார்ந்து தேய்த்தேன், தேய்த்தேன், அப்படித் தேய்த்தேன். வெந்நீர் எவ்வளவு சூடு என்றும் எனக்குத் தெரியாது, கல் எவ்வளவு ஆழம் போகிறது என்றும் தெரியாது.

ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "அத்தே, என்ன தேய்ப்புத் தேய்க்கிய. ரத்தம் வருது பாருங்க."

"வரட்டும்ட்டி. அழுக்கு ரத்தந்தான்."

"பன்னெண்டு பேர்ல நீங்க ஆரு அத்தே, யூதாசா?"

"யூதாஸ் காலயும் அவரு கழுவத்தாம்ட்டி செஞ்சாரு. ஒஞ்சோலியப் பாரு."

ராத்திரி நான் வரிசையில் உட்கார்ந்தேன். புதிதாக வந்த இளம் சாமியார். என் வலது காலில் தண்ணீர் ஊற்றினார், துண்டால் ஒற்றினார், குனிந்து முத்தம் கொடுத்தார். எனக்கு அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி தெரியவில்லை, உதடு பட்டதும் தெரியவில்லை. ஆனாலும் அழுதேன். பாட்டு அப்படி, நேரம் அப்படி.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா களிம்போடு வந்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். சாமியார் முத்தம் கொடுத்த இடத்தில் கடைக் களிம்பைப் பூசுவதா? மறுநாள் டாக்டரிடம் போவோம் என்றாள். மறுநாள் பெரிய வெள்ளி. "ஆண்டவர் சிலுவையில தொங்குத அன்னைக்கி நான் ஊசி போடப் போணுமாக்கும்" என்றேன். அதற்கு மறுநாள் ராத்திரி பாஸ்காப் பூசை, அதற்கு மறுநாள் ஈஸ்டர், பிறகு ஈஸ்டர் வாரம், வீட்டுக்கு வருகிறவர்கள் போகிறவர்கள். முத்தம் வாங்கிய கால் தானாக ஆறிவிடும் என்று நான் மட்டுமல்ல, அன்பியத்துப் பொம்பிளைகள் அத்தனை பேரும் சொன்னார்கள். ஸ்டெல்லா ஒருத்திதான் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்கு முன்னால் இருந்த பெண் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் குழந்தையைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். குழந்தையிடம் நாற்றம் இல்லை. நாற்றம் என் காலில் இருந்து வந்தது.

வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் தூக்கிப் போட்டது. ஸ்டெல்லா என் காலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். குதிகாலில் குழி. சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்துவிட்டன, கருகின கத்தரிக்காய் மாதிரி. அவள் ஒன்றும் திட்டவில்லை. அதில்தான் எனக்குப் பயம் வந்தது. டெம்போ ஓட்டுகிற என் மகன் அந்தோணியை உடனே கூப்பிட்டாள். அந்த டெம்போவிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம். மாநகராட்சி ஆஸ்பத்திரி என்றால் மும்பைக்காரர்களுக்குத் தெரியும். வாசலில் கேஸ் பேப்பர் என்கிற சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, ரத்தத்துக்கு ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை. பெஞ்சு நிறைந்து தரையும் நிறைந்திருந்தது. என் நாற்றத்துக்கு மட்டும் கொஞ்சம் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தாமாகத் தள்ளி உட்கார்ந்தார்கள். பழைய நானாக இருந்தால், உட்கார இடம் கிடைத்தது ஆண்டவர் செயல் என்றிருப்பேன்.

கடைசியில் ஒரு சின்ன டாக்டரம்மா பார்த்தார். மராட்டிப் பெண், என்னை ஆஜி, ஆஜி என்றுதான் கூப்பிட்டார். பாட்டி என்று அர்த்தம். எனக்கு எழுத்து வராது என்று தெரிந்ததும் ஹிந்தியில் பொறுமையாக விளக்கினார். என் காலுக்கு வந்தது கேங்ரீன். அது வேறொன்றுமில்லை, ரத்தம் போகாத சதை உயிரோடு இருக்கிற உடம்பிலேயே செத்துப்போவது. செத்த சதை சும்மா கிடக்காது, பக்கத்துச் சதையையும் கூட்டிக்கொண்டு போகும். செத்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு உயிரோடு இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம். முடியாவிட்டால் வெட்ட வேண்டும்.

பிறகு பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்தார். டாப்ளர் என்று பெயர். காலில் பசை தடவி அதை வைத்தால், உள்ளே ரத்தம் ஓடுகிற சத்தம் வெளியே கேட்கும். பாதத்தில் வைத்தார், சத்தமே இல்லை. கணுக்காலில் வைத்தார், கடைகள் மூடின தெரு மாதிரி இருந்தது. முட்டிக்குப் பின்னால் மடிப்பில் வைத்தார். உஸ், உஸ் என்று தூரத்தில் ரயில் போகிற மாதிரி ஒரு சத்தம். டாக்டரம்மா முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு பிடித்துவிட்டது. "இன்னொரு தடவ வையி பேட்டி" என்று கேட்டு வாங்கிக் கேட்டேன். பேட்டி என்றால் ஹிந்தியில் மகள்.

வார்டில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் பாத்திமுத்து. மும்பையிலேயே சீத்தா கேம்ப் என்கிற பேட்டைக்காரி, தமிழ் முஸ்லிம், ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவளுக்கும் இதே வியாதிதான். என்னைக் கொண்டுவந்து போட்டதும் பாதி எழுந்து உட்கார்ந்து என் காலைத்தான் பார்த்தாள்.

"யக்கா, ஒங்களுக்கு எது வரைக்கும்?"

"இன்னும் சொல்லல."

"எனக்கு ரெண்டு வெரலு போயிட்டு. இப்ப மூணாவதக் கேக்காவ. மொத்தமா கேட்டாலும் குடுத்துரலாம். அல்லா கொஞ்சங் கொஞ்சமால்லா கேக்கான்."

காலை வேளைகளில் சதையைச் சுரண்டினார்கள். திரையை இழுத்துவிட்டு, செத்த சதையைக் கத்தியால் எடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் வலிக்கிறதா என்று கேட்பார். இல்லை என்பேன். முதலில் நான் பெருமையாகத்தான் சொன்னேன். பிறகுதான் எனக்குப் புரிந்தது. வலிக்கிற இடத்தில்தான் உயிர் இருக்கிறது. வலிக்கவில்லை என்று நான் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அவர் இன்னும் கொஞ்சம் மேலே வர வேண்டியிருந்தது. அப்புறம் நான் வலிக்காகக் காத்துக்கிடந்தேன். வலியே வா, வலியே வா என்று செபம் பண்ணின பைத்தியக்காரி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வாரத்தில் அன்பியத்துப் பொம்பிளைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சர்க்கரைக்காரிக்கு திராட்சைப் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவையும் பாத்திமுத்துவின் மகள் தின்றாள். கட்டிலைச் சுற்றி நின்று செபித்தார்கள். மௌஷி, அதாவது வார்டு ஆயா, கூட்டம் போடாதே என்று சத்தம் போட்டும் அவர்கள் நிறுத்தவில்லை. ரெஜினா டீச்சர்தான் தலைமை. இதையும் எழுதுங்கள் டீச்சர்.

"ஆண்டவர் ஒங்கள சோதிக்காரு சவரியம்மா. பிரியப்பட்டவங்களத்தான் சோதிப்பாரு" என்றார்.

"அப்ப ஒங்க மேல பிரியம் இல்லியா டீச்சர்? ஒங்க காலு ரெண்டும் நல்லாத்தான இருக்கு."

அவர் கோபப்படவில்லை. வழக்கப்படி அன்பியத்தை முடித்துவிடலாம் என்று நினைத்து, இந்த வாரம் ஆண்டவர் உங்களுக்குச் செய்த செயலைச் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். வழக்கமாகச் சிரிக்க வைக்கிறவள் அல்லவா.

"நல்லா வெந்நி போட்டு, காலத் தேச்சு, அவருக்குன்னு நீட்டுனேன்" என்றேன். "வாங்கி அழுக வச்சிட்டாரு. இதான் இந்த வாரம்."

பக்கத்துக் கட்டிலில் பாத்திமுத்து மட்டும் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள். டீச்சர் என் தலையில் சிலுவை வரைந்துவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். போன பிறகு எனக்கு வருத்தமாக இல்லை. உண்மையைச் சொன்னால் வாய் நன்றாக இருந்தது.

அந்த நாட்களில் எல்லாவற்றையும் பார்த்தவள் ஸ்டெல்லாதான். அவள் பை தைக்கிற கார்கானாவுக்கு, அதாவது பட்டறைக்கு, வேலைக்குப் போகிறவள். நீண்ட லீவு கொடுக்க மாட்டேன் என்று முதலாளி சேட் சொன்னதும், சரி என்று வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். என்னிடம் அதைச் சொல்லவில்லை. அந்தோணி வாய் தவறிச் சொன்னான். எழுந்திருக்க முடியாதவளுக்கு எத்தனை காரியம் இருக்கிறது. பெட்பேன் வைக்க வேண்டும், எடுக்க வேண்டும், துடைக்க வேண்டும். முதல் நாள் வெட்கத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள், "கண்ண மூடிக்கிட்டா நாத்தம் போயிருமா? தொறங்க. ஒங்க மொவனுக்கு இதெல்லாம் நீங்க செஞ்சதுதான" என்றாள். முகத்தைச் சுளிக்கவில்லை. வீட்டில் ஒரு டம்ளர் கழுவாமல் கிடந்தால் ஊரைக் கூட்டுகிறவள், இங்கே ஒரு தடவைகூட மூக்கைப் பொத்தவில்லை.

அப்போது எனக்குள் ஒரு சண்டை. பழைய பழக்கத்தில், இது ஆண்டவர் செயல் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். உடனே கோபம் வரும். பெட்பேனை எடுக்கிறது ஸ்டெல்லா, பெயர் அவருக்கா? செம்பூரில் நான் சமைத்த வீட்டில் இப்படித்தான் நடக்கும். விருந்தாளிகள் ரசம் பிரமாதம் என்பார்கள். அந்த வீட்டம்மா புன்சிரிப்புச் சிரிப்பாள். அடுக்களைக்குள் நான் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஆண்டவரும் அந்த வீட்டம்மா மாதிரியோ என்று தோன்றியது. நல்லதுக்கெல்லாம் மேசையில் உட்கார்ந்து பெயர் வாங்கிக்கொள்கிறார். கால் அழுகினால் மட்டும் அது நம்முடைய விசுவாசக் குறைவு.

பாத்திமுத்துவிடம் இதைச் சொன்னேன்.

"யக்கா, ஒங்க மருமவளுக்கு அந்தக் கைய ஆரு குடுத்தா?"

"அவ ஆத்தா குடுத்தா."

"சரி, ஒங்ககிட்டப் பேசி செயிக்க ஏலாது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆனால் அந்த யோசனை என்னை விடவில்லை. செம்பூர் வீட்டில் அடுக்களையில் இருந்தவள் நான். என் முகம் யாருக்கும் தெரியாது. ஆனாலும் ருசி தெரிந்தவன் ஒருவன் வந்தான். அந்த வீட்டுக்காரரின் தம்பி. ஒரு வாய் ரசம் குடித்துவிட்டு, உள்ளே யார் என்று கேட்டு, அடுக்களைக்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போனான். ஒருவேளை ஆண்டவர் மேசையில் இருக்கிறவர் இல்லையோ, உள்ளே நிற்கிறவரோ? எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒருநாள் இப்படித் தோன்றும், ஒருநாள் அப்படித் தோன்றும்.

சுரண்டிச் சுரண்டியும் கறுப்பு மேலே ஏறிக்கொண்டே இருந்தது. பெரிய டாக்டர் ஒரு படையோடு வார்டைச் சுற்றி வருவார். ஒருநாள் என் காலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. இங்கிலீஷில் ஏதோ சொல்லி, கையால் என் தொடையில் ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மொழி தெரியாவிட்டாலும் கோடு தெரியாதா?

சின்ன டாக்டரம்மா பிறகு தனியாக வந்து உட்கார்ந்து விளக்கினார். கால் போவது நிச்சயம். எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி. முட்டிக்கு மேலே வெட்டினால் புண் சீக்கிரம் ஆறும், ஆனால் என் வயதில் செயற்கைக் கால் மாட்டி நடப்பது கஷ்டம்; பெரும்பாலும் கட்டிலோடு போய்விடும். முட்டிக்குக் கீழே வெட்டினால், புண் ஆறாமல் போகிற பயம் உண்டு. ஆனால் ஆறிவிட்டால், முட்டி மடங்கும், செயற்கைக் காலோடு நடக்கலாம், கக்கூசுக்குத் தானாகப் போகலாம். "அந்தச் சத்தம் கேட்டதே ஆஜி, அதை வைத்து நான் பெரிய டாக்டரிடம் பேசிப் பார்க்கிறேன். இரண்டொரு நாள் பொறுக்கலாம். காய்ச்சல் இறங்க வேண்டும்" என்றார்.

அந்த இரண்டொரு நாளும் நான் ஆண்டவரிடம் பேரம் பேசினேன். தாராவி மார்க்கெட்டில் மீன்காரியிடம் பேசுகிற மாதிரி. "சேசப்பா, பாதத்த எடுத்துக்கிடும், கேக்கல. கணுக்கால எடுத்துக்கிடும். முட்டிய விட்டுரும். கக்கூசுக்குப் போவ மருமவள எதிர்பாக்க வச்சிராதயும்." இதை நான் மெதுவாகச் சொல்வதாக நினைத்து வார்டு முழுவதும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறேன். ஸ்டெல்லா தலையணையைச் சரி பண்ணிக்கொண்டே, "எதிர்பாத்தாத்தான் என்ன? நான் ஓடியா போறேன்?" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். எங்களுக்குள் அப்படித்தான்.

காய்ச்சல் இறங்கியது. கொஞ்சம்தான், ஆனால் இறங்கியது. அந்தோணி கையெழுத்துப் போட்டான், நான் கைநாட்டு வைத்தேன். ஆபரேஷன் அன்று காலையில் டாக்டரம்மா நீல மையால் என் காலில் கோடு போட்டார். படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

"ஏட்டி, கோடு எங்க?"

ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள்.

"முட்டிக்குக் கீழ அத்தே. நாலு வெரக்கட கீழ."

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், வலிக்காது என்றார்கள். மரத்துப்போன காலுக்கு மரத்துப்போக ஒரு ஊசி. எனக்கு அந்த மேசையிலேயே சிரிப்பு வந்தது. பச்சைத் துணியால் மறைத்துவிட்டார்கள். ரம்பச் சத்தம் மட்டும் கேட்டது. மரம் அறுக்கிற கடையில் கேட்கிற அதே சத்தம்தான். வேறு எதுவும் சொல்ல விருப்பமில்லை.

இப்போது கேளுங்கள், இதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். வெட்டின மறுநாளில் இருந்து அந்தக் கால் வலிக்க ஆரம்பித்தது. இல்லாத கால். சுண்டுவிரலை யாரோ இடுக்கியால் திருகுகிற மாதிரி, குதிகாலில் நெருப்பு வைத்த மாதிரி. கையை நீட்டித் தடவினால் அங்கே மெத்தைதான் இருக்கிறது. டாக்டரம்மா சொன்னார்: கால் போனது மூளைக்கு இன்னும் தெரியவில்லை, அறுபட்ட நரம்பு பொய்ச் செய்தி அனுப்புகிறது, நிறையப் பேருக்கு இப்படி வரும், மாத்திரையில் குறையும். குறைந்துதான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இருந்த காலத்தில் ஒரு தடவையாவது வலித்திருந்தால் கல்லைக் கீழே போட்டிருப்பேன். வலிக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருந்துவிட்டு, போன பிறகு வந்து வலிக்கிறது. இதை எந்த அன்பியத்தில், யார் செயல் என்று நான் சொல்வது?

புண் ஆறியது. மெதுவாக, கெஞ்சிக் கெஞ்சி ஆறியது. எனக்கு முன்னாலேயே பாத்திமுத்து மூன்றாவது விரலையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, நம்ம ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும்" என்றாள்.

நான் வீட்டுக்கு வந்த பிறகு, சாமியார் எனக்கு நன்மை, அதாவது பூசையில் கொடுக்கிற திரு அப்பம், கொடுக்க வந்தார். கால் கழுவின அதே இளம் சாமியார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்டெல்லா டீ வைத்தாள். அவர் டீயைத் தொடவில்லை, துண்டு போட்டு மூடியிருந்த என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி தப்பிச்சுதே பாட்டி, அது பெரிய காரியம்" என்றார்.

"ஆமா சாமி. நடக்கதுக்கு உள்ளத எடுத்துக்கிட்டு, தம்ம முன்னால முட்டி போடதுக்கு உள்ளத மட்டும் விட்டுவச்சிருக்காரு. வெவரமானவருதான்."

வழக்கமாக நான் இப்படிப் பேசினால் அவர் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் அன்னைக்குப் பாத்தேன் பாட்டி" என்றார். "தண்ணி ஊத்தும்போதே புண்ணப் பாத்தேன். தோல் உரிஞ்சு செவப்பா இருந்துச்சு. எங்கம்மாவுக்கும் சுகர்தான், எனக்குத் தெரியும் அது நல்லதில்லன்னு. பூசை நடுவுல எப்பிடிச் சொல்லுறதுன்னு விட்டுட்டேன். பூசை முடிஞ்சு சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் வேல, வேல. மறந்துட்டேன்."

ஸ்டெல்லா அடுப்பை அணைத்தாள். வெளியே யாரோ குடம் இழுத்துக்கொண்டு போனார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர் மேலே இருக்கிற ஒருவர்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இரண்டு பேர்.

"சரி சாமி" என்றேன். "நன்மையக் குடுங்க."

வாங்கிக்கொண்டேன்.

அவர் போன பிறகு ஸ்டெல்லா ஆறிப்போன டீயைத் திரும்பவும் சட்டியில் ஊற்றினாள்.

"மன்னிச்சிட்டியளா அத்தே?"

"ஆர? அவரயா, இவரயா?" சுவரில் இருக்கிற சேசு படத்தைக் கையால் காட்டினேன்.

"ரெண்டு பேரயுந்தான் கேக்கேன்."

"சாமியார மன்னிச்சாச்சு. சின்ன வயசுக்காரரு, கூச்சத்துல விட்டுட்டாரு. வாயத் தொறந்து சொன்னாருல்லா, அது போதும்."

"இவரு?"

இவர் மேல் கோபம் இருக்கிறது. ஒன்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரிகிறது: முன்பு தண்ணீரிலும் ஜன்னல் ஓரத்திலும் நான் அவரைப் பார்த்ததைவிட, இந்தக் கோபத்தில்தான் அவர் எனக்குப் பக்கத்தில் இருக்கிறார். இல்லாதவர் மேல் யாருக்குக் கோபம் வரும்? அந்த வார்டில் அவர் இருந்தார். இருந்துகொண்டேதான் சும்மா இருந்தார். ஸ்டெல்லாவின் கையோடு கையாக நின்றாரா, அதுவும் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால் அதைச் சொல்லி அவளுடைய பெயரை அவருக்கு எடுத்துக் கொடுக்க இப்போதைக்கு எனக்கு மனம் இல்லை.

"இவரு இன்னும் ஒண்ணும் சொல்லலியேட்டி" என்றேன்.

"சாயங்காலம் செபமால இருக்கு. புண்ணு ஆறிட்டு, மெத்தயில முட்டி போடலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாவல்லா. நான் புடிச்சுக்கிடுதேன். போடுதியளா?"

துண்டை விலக்கி முட்டியைப் பார்த்தேன். மடக்கினேன், நீட்டினேன். நன்றாகத்தான் மடங்கியது.

"போடுவேன்" என்றேன். "இன்னைக்கி இல்ல."